மேலவீட்டில் வைத்த பயணம்

குறும்பலாவின் நிழலில் குடியிருக்கும் குற்றாலத்து இறைவனும், அவன் இடப்பாகம் அமர்ந்த குழல்வாய்மொழி அம்மையும், தென்காசியில் உலகம்மையோடு வீற்றிருக்கும் விசுவநாதப் பெருமானும் இவ்வெழுத்துக்குக் காப்பாகுக. வழி தொடங்குவோர்க்கு முன்னே நடக்கும் பிள்ளையார் திருவடி என் தலைமேல் இருக்கட்டும். சொல் நேராகச் செல்லட்டும்.

இன்று புதன்கிழமை. காலையில் பூசை முடித்துத் திருநீற்று மடலை மூடும்போது வாசலிலிருந்து ஒரு வாசனை வந்தது. காய்ந்த மஞ்சளும் உருகிப் புளித்த வெல்லமும் கலந்த வாசனை. உன் கை கட்டிய மூட்டையின் வாசனை என்று மனம் அறிவதற்கு முன்னே கால் எழுந்துவிட்டது. மேற்கே அடுத்த வீடான மேலவீட்டுச் செண்பகம் வாசற்படிக்கு வெளியே, இரு கையிலும் அதை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, பரண ஒழிச்சேன். மதினி வச்ச மூட்டை. எறும்பு ஏறிக் கெடக்கு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு காலைப் படியில் வைத்தாள்.

"செண்பகம், அங்கனயே நில்லு. படியத் தாண்டிராத" என்றேன். நான் அவளிடம் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. அவள் காலை இழுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்து அவளுக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும். மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நின்றாள்.

"கொண்டு போயி எங்கன வைக்க அண்ணாச்சி? வெள்ளிக்கெழம நாங்க வீட்டக் காலி பண்ணுதோம்லா. மகன் ஆலங்குளம் ஸ்டேசன்ல போலீசா சேந்துட்டான், அங்கனயே வீடு பாத்துட்டான். இத வாங்குனவங்க பரணப் பிரிக்கப் போறாங்களாம்."

"வெள்ளிக்கெழம காலம்பற வரைக்கும் ஒங்கிட்டயே வச்சிரு. அதுக்குள்ள சொல்லுதேன்."

அவள் போனாள். நான் இதை எழுத உட்கார்ந்தேன். என்னிடம் இருப்பது இரண்டு நாள். அதற்குள் நான் முடிவு செய்ய வேண்டியது என்னவென்று உனக்குத் தெரியும். ஆயினும் வேறு எவரேனும் இம்மடலைக் காண நேர்ந்தால் அவர்களுக்கும் விளங்கும்படி முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஆசிரியன், விளக்கிச் சொல்லாமல் எனக்கு எதுவும் சொல்ல வராது.

நல்ல நேரத்தில் புறப்பட இயலாதவர்களுக்குப் பெரியோர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பரஸ்தானம் என்று பெயர். நல்ல நாளும் ஓரையும் கூடிய வேளையில், போக வேண்டிய திசையில் உள்ள இன்னொருவர் வீட்டில், நம்முடைய வேட்டி சேலையை ஒரு பிடி அரிசியோடும் மஞ்சளோடும் மூட்டையாகக் கட்டி வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. உடம்பு பிறகு வசதிப்பட்ட வேளையில் போய் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு அப்படியே நடக்கலாம். வைத்த மூட்டையைத் திரும்பத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்தால் மட்டும் பயணம் அழிந்தது என்று பொருள்.

இதை உனக்குச் சொல்லித் தந்தவன் நான்தான். மணமான புதிதில், பஞ்சாங்கத்தைப் பிரித்து, எந்த ஊருக்கும் எந்த நாளும் பொருந்தவில்லை என்று ஒவ்வொன்றாக நான் விலக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட விடுமுறையும் நட்சத்திரமும் ஒருபோதும் கைகோத்து வருவதில்லை. நீ முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாய். "அப்பம் நாள் பாத்து மூட்டை போகட்டும். லீவு கெடச்சப்ப நாம போவோம். சாஸ்திரத்துக்கு மூட்டை, நமக்கு லீவு. சரிதான?" நான் பஞ்சாங்கத்தை மூடுமுன்னே நீ பழைய சேலை ஒன்றை மஞ்சள் நீரில் நனைத்துக் காயப்போட்டுவிட்டாய்.

அன்று முதல் மேலவீட்டுப் பரணில் நம் மூட்டை ஒன்று இருந்துகொண்டே இருந்தது. கிழக்கே போவதானால் கீழவீட்டுக்குப் போகும், மற்றபடி மேலவீடுதான். பிள்ளை இல்லாத வீடு. பூட்டிவிட்டுப் போவது எளிது. கையில் இருப்பது ஆசிரியனின் சம்பளம். ஆகவே சோறு நாமே கட்டிக்கொள்வது, சத்திரத்தில் தங்குவது, நடக்க இயன்ற தூரத்துக்கு வண்டி பிடிக்காதது என்று நீயே நெறி வகுத்தாய். ஊரை மட்டும் முன்கூட்டி முடிவு செய்யமாட்டாய். திருச்செந்தூர் என்று கிளம்புவோம். வழியில் மாட்டின் கால் பிசகினால் அந்த ஊர்க் கோயிலில் நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்புவோம். சங்கரன்கோவிலுக்கு என்று கட்டிய புளிச்சோற்றை ஆய்க்குடி முருகன் சந்நிதி வாசலில் அவிழ்த்திருக்கிறோம். "எந்தச் சாமி நம்மள வேண்டாம்னு சொல்லிட்டு? வண்டி எங்கன நிக்குதோ அங்கன எறங்கு" என்பாய்.

எனக்கோ புறப்படுவதென்றாலே கவலை. பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டு, அடுப்பை அணைத்தோமா என்று நிற்பேன். பெட்டிக்குள் பஞ்சாங்கம், பஞ்சாங்கத்துக்குள் விபூதிப் பொட்டலம், பொட்டலம் நனையாதிருக்க மெழுகுத் துணி. சாரல் காலத்தில் மேலகரம் வழியாகக் குற்றாலத்துக்கு நடந்தே போவோமே, அப்போதும் நான் தரையைப் பார்த்தே வருவேன். நீ மலையைப் பார்த்தே வருவாய். பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் நீ போய்விட்டால் என் குளியல் அவ்வளவுதான். ஆண்கள் பக்கத்துப் பாறையில் ஈர வேட்டியோடு நின்று, நீர்ப்புகைக்குள் தெரியும் சேலைகளில் உன் அரக்குச் சேலை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். உதடு பதிகம் சொல்லும். கண் தலைகளை எண்ணும். நீ முடியைப் பிழிந்துகொண்டு வந்து கேட்பாய். "என்ன, எண்ணி முடிச்சாச்சா? எல்லாப் பொம்பளையும் சரியா இருக்காளா?"

இனி அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்த மூட்டையைச் சொல்ல முடியாது.

திருச்செந்தூரில் சூரியன் கடலிலிருந்து ஏறுவதை நீ பார்த்தாய். பார்த்த அன்றே, அது கடலில் இறங்குவதையும் பார்க்க வேண்டும் என்றாய். அதற்கு மலையைத் தாண்டிக் கொல்லம் போக வேண்டும். செங்கோட்டை வழியாகப் போகும் ரயில் மலையைக் குடைந்த குகைக்குள் நுழைந்து அப்பால் ஏறுகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து உனக்கு அந்தக் குகையின் மேலும் ஆசை வந்துவிட்டது. "மலைய வெளிய இருந்துதான பாத்திருக்கோம். உள்ள இருந்து பாப்போம்" என்றாய். முழுப்பரீட்சை விடுமுறை. மூட்டை புதன்கிழமையே மேலவீட்டுக்குப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் தென்காசியில் ரயில் ஏறினோம்.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் உனக்குச் சன்னல் ஓரம். வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது: வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். மூட்டை வைத்தது நேரத்தின் குற்றத்தைத் தீர்க்கும்; திசையின் குற்றத்துக்கு அது போதாது. மேற்குச் சூலத்துக்கு வெல்லம் தின்றுவிட்டுத்தான் புறப்பட வேண்டும். நான் தின்னவில்லை. உன்னிடம் சொன்னால் சிரிப்பாய். எதிரில் இருந்தவர்கள் முன்னே சிரிப்பாய். ஆகவே சொல்லவில்லை. செங்கோட்டையில் மலையேற இரண்டாம் எஞ்சின் பூட்டுவார்கள், வண்டி நெடுநேரம் நிற்கும் என்று கேட்டிருந்தேன். வண்டி நின்றதும், "தண்ணி பிடிச்சிட்டு வாரேன்" என்று பொய் சொல்லி இறங்கினேன். என் வாழ்நாளில் உன்னிடம் நான் சொன்ன முதற்பொய் அது என்று அன்று நினைத்தேன். கடைசிப் பொய் எதுவென்று பின்னால் சொல்வேன்.

நிலையத்துக்கு வெளியே ஒரு பெட்டிக்கடை. கடைக்காரி வெற்றிலையை ஈரத்துணியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெல்லம் இருக்கா?"

"கருப்பட்டிதான் இருக்கு."

"வெல்லம்தான் வேணும். சூலத்துக்கு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இனிப்பு இனிப்புதான அண்ணாச்சி. சூலத்துக்கு நாக்கா இருக்கு, ருசி பாக்க?"

அவள் சொன்னதில் உள்ள நியாயம் இன்று விளங்குகிறது. அன்று நான் அந்த வெயிலில் நின்றுகொண்டு, கரும்பின் பாகும் பனையின் பாகும் ஒன்றாகுமா, நூல் சொன்ன பொருளுக்கு மாற்றுக் கொள்ளலாமா என்று எனக்குள் வாதம் செய்தேன். கொள்ளலாகாது என்று தீர்த்தேன். சாலைக்கு அப்பால் மளிகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுத்து முடிக்கும்வரை நின்றேன். வெல்ல உருண்டை ஒன்று கைக்கு வந்தபோது ஊதல் கேட்டது. ஓடினேன். நான் நடைமேடைக்கு வந்தபோது, பின்னால் பூட்டிய எஞ்சின் புகையைத் தள்ளிக்கொண்டு வளைவில் போய்க்கொண்டிருந்தது.

பயணச் சீட்டு இரண்டும் என் மடியில். காசும் என் மடியில். உன்னிடம் மூட்டையும் சோற்றுப் பாத்திரமும் மட்டும். செங்கோட்டையிலேயே வேறு ராச்சியம், மலைக்கு அப்பால் வேறு பாஷை. என் கைக்குள் வெல்லம் கசிந்து விரலிடுக்கில் இறங்கியது.

நிலையத்துக் குமாஸ்தா மலையாளத்து மனிதர். என் நிலையைக் கண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "சாமி பேடிக்கண்டா. இவிடெ இருங்க. ஆரியங்காவுக்குக் கம்பி அடிச்சு சோதிக்காம்" என்றார். அஞ்ச வேண்டாம், தந்தி அடித்துக் கேட்கிறேன் என்கிறார். நான் உட்காரவில்லை. கம்பி தட்டும் ஒலி ஒவ்வொன்றும் என் விலாவில் தட்டியது. நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அங்கே ஒத்தையிலே ஒரு ஸ்த்ரீயும் எறங்கலியாம். வண்டியிலும் பாத்தாச்சாம். சன்னலோரத்துல ஆளில்லையாம்."

ஆரியங்காவு குகைக்கு அப்பால் உள்ள நிலையம். குகைக்கு இப்பால் பெட்டியில் இருந்தவள், குகைக்கு அப்பால் பெட்டியில் இல்லை. அவ்வளவுதான் என் அறிவுக்கு எட்டியது. இடையில் பகவதிபுரம் என்று ஒரு சிறு நிலையம் உண்டு என்பது நினைவுக்கு வரவில்லை. அங்கே எவர் இறங்குவார்? அடுத்த வண்டி மாலையில் என்றார் குமாஸ்தா. நான் அவர் சொல்லி முடிக்கும் முன்னரே மேற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தேன்.

அந்த நடையை நான் எவரிடமும் சொன்னதில்லை. தண்டவாளத்தை விட்டு விலகாமல், பக்கத்து ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். பழைய பாட்டுகளில் பொருள் தேடிப் பிரிபவன் தலைவன். பாலைச் சுரத்தின் கொடுமையை எண்ணி வருந்திக் காத்திருப்பவள் தலைவி. இருபது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அதைப் பாடம் சொன்னவன் நான். வெல்லத்தின் பொருட்டுப் பிரிந்த தலைவனை எந்தப் புலவனும் பாடவில்லை. காலில் முள் ஏறியதும் தெரியவில்லை. மலை நெருங்க நெருங்க அதற்குள் இருக்கும் கருப்பு வாயை மட்டுமே எண்ணினேன். இருட்டில் நீ எழுந்து கதவருகே வந்திருப்பாயோ. என்னைத் தேடி எட்டிப் பார்த்திருப்பாயோ. உலகம்மையை அழைக்க வாயெடுத்தால், ஓதி ஓதித் தேய்ந்த நாக்குக்கு ஒரு வரி கிட்டவில்லை.

பகவதிபுரத்து நிலையத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் நீ சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேட்டுக்காரன் மனைவிக்குப் புளிச்சோறு அள்ளி வைத்துக்கொண்டிருந்தாய். என் தலை தெரிந்ததும் எழவில்லை. நான் அருகில் வந்து, மூச்சிரைக்கக் கண்ணீரோடு நின்றபோது, அண்ணாந்து பார்த்துக் கேட்டாய்.

"வெல்லம் கெடச்சுதா?"

நான் கையை விரித்தேன். அதில் வெல்லமாக மிச்சம் இருந்தது கொஞ்சம்தான்.

"தண்ணிக்குப் போற மனுசன் செம்ப வச்சிட்டா போவாரு? செம்பு இங்கன இருக்கு, ஆளு அங்கன ஓடுதாரு. வெள்ளிக்கெழம, மேக்க போறோம். நெனச்சேன்" என்று சொல்லி மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாய். சேலை மடிப்புக்குள், வாழைச் சருகில் சுற்றிய முழு உருண்டை வெல்லம். "நான் புதன்கெழமயே வச்சாச்சு. மூட்டைக்குள்ளதான இருக்கு. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லா."

கேட்டுக்காரன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "காலையிலருந்து சொல்லிக்கிட்டே இருந்தா சாமி, எங்க வீட்டுக்காரரு நடந்து வந்துக்கிட்டிருப்பாரு, அவருக்கு உக்காரத் தெரியாதுன்னு. நாந்தான் நம்பல."

"குகைக்கு முந்தின டேசன்லயே ஏன் இறங்கிட்ட?" என்று கேட்டேன்.

"நீங்க இல்லாம நான் மட்டும் உள்ள போயி என்னத்தப் பாக்க?" என்றாய். பிறகு, நான் அழுவதை அந்தப் பெண் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்துகொண்டு, மெல்லச் சொன்னாய். "இந்தா பாருங்க. இனிமே எங்க போனாலும் சரி, நான் ஒரு டேசன் முன்னாலயே எறங்கி உக்காந்திருப்பேன். நீங்க மெதுவா வாங்க. ஓடி வராதீங்க."

அன்று கொல்லம் போகவில்லை. மாலை வண்டிக்கு நீ காத்திருக்கவும் இல்லை. வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்று குற்றாலப் பக்கம் போவதைப் பார்த்துக் கையைத் தட்டினாய். "சாயந்தரத்துக்குள்ள ஐந்தருவியில குளிச்சிருவோம். மலை எங்க போயிரும்?" வைக்கோல் மேல் நீ மல்லாந்து படுத்து வானம் பார்த்தாய். நான் உன் முந்தானை நுனியை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டே வந்தேன். உனக்குத் தெரியாது என்று நினைத்தேன். உனக்குத் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு எவ்வளவோ ஊர்கள் போனோம். பாபநாசம், சுசீந்திரம், மலையேறித் திருமலைக்கோயில். நாள் தவறினாலும் வண்டி தவறினாலும் நீ ஊரை மாற்றிக்கொள்வாய், முகத்தை மாற்றிக்கொள்ளமாட்டாய். கொல்லத்துப் பேச்சை மட்டும் ஒவ்வொரு கோடையிலும் எடுப்பாய். நான் தள்ளிப்போடுவேன். யுத்தம் வந்தது. அவசியம் இல்லாமல் ரயில் ஏறாதீர் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பஸ்ஸில் கரியைப் போட்டு எரித்து ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அந்தக் காலத்தில்தான் நீ இந்த மூட்டையைக் கட்டினாய். நல்ல ஓரை பார்த்து நானே எழுதிக் கொடுத்தேன். செண்பகம் வாங்கிப் பரணில் வைத்தாள்.

மூன்று முறை நாள் வந்தது. முதல் முறை, வண்டி நிறையச் சிப்பாய்கள், நிற்கவும் இடமில்லை என்றேன். இரண்டாம் முறை, மலையில் மண் சரிந்ததாகப் பேச்சு என்றேன். மூன்றாம் முறை, பரீட்சைத் தாள்கள் திருத்த இருக்கின்றன என்றேன். அதுதான் நான் சொன்ன கடைசிப் பொய். தாள்கள் முந்தின நாளே திருத்தி முடித்துப் பெட்டியில் இருந்தன. நீ ஒன்றும் கேட்கவில்லை. மேலவீட்டுக்குப் போய் மூட்டையில் புது வெற்றிலை வைத்துவிட்டு வந்தாய்.

உண்மையை இப்போது எழுதுகிறேன். சிப்பாய்களும் அல்ல, மண்ணும் அல்ல. அன்று நடந்த நடையில் என் மனத்துக்குள் புகுந்த குகை பிறகு வெளியேறவில்லை. எத்தனையோ முறை கனவில் வந்தது. வண்டி உள்ளே போகும். இருட்டில் உன் கை என் கைக்குள் இருக்கும். வெளிச்சம் வரும்போது சன்னலோரத்தில் ஆளிருக்காது. வியர்த்து எழுந்து, பக்கத்தில் நீ மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். அச்சம் ஈசன் அடியார்க்கு இல்லை என்று மேடையேறிப் பொருள் சொல்பவன், ரயில் குகைக்கு அஞ்சுகிறேன் என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது? சொல்லியிருக்கலாம். நீ ஒரு தரம் சிரித்திருப்பாய். பிறகு கையை நீட்டியிருப்பாய். அன்றைய வெல்லம் போல அதுவும் மூட்டைக்குள்தானே இருந்தது. நான் கேட்கவில்லை.

பிறகு உனக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது, பின் நாள்தோறும் வந்தது. கொயினா மாத்திரைக்கு யுத்த காலத்தில் தென்காசி முழுதும் அலைந்தேன். ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு பிற்பகல், தெளிந்த அறிவோடு என்னைக் கூப்பிட்டாய்.

"மேலவீட்டு மூட்டைய எடுத்துராதீங்க. வீட்டுக்குள்ள கொண்டாந்தா பயணம் போச்சுன்னு நீங்கதான சொல்லுவீங்க. கெடக்கட்டும்."

கிடக்கட்டும் என்றுதான் நானும் விட்டேன். நீ போய் நான்கு ஆண்டு ஆகிறது. பரஸ்தானத்தின் பலன் சில நாட்களுக்கே என்று நூல் சொல்கிறது. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மேலவீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் பரண் இருக்கும் பக்கம் பார்க்காமலே, அது அங்கே இருக்கிறது என்று அறிந்துகொண்டு நடந்தேன். பயணம் முடியாத வரை நீ இன்னும் வழியில் இருப்பவள். அந்த முடிச்சு அவிழாத வரை உன் காரியம் ஒன்று உலகில் பாக்கி இருக்கிறது. அதை நான் செய்து முடித்துவிட்டால் உனக்கென்று இங்கே என்ன மிச்சம்? வீட்டுக்குள் கொண்டுவந்தால் உன் சொல் அழியும். எடுத்துக்கொண்டு போனால் உன் காத்திருப்பு தீரும். இரண்டுக்கும் அஞ்சுகிறேன். இந்தப் புதன்கிழமை இதற்கு மேல் எழுத ஓடவில்லை.

வியாழன். செண்பகம் காலையில் வந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்படாது. மதினி அப்பம் அப்பம் வந்து வெத்தல மாத்தும்போது எங்கிட்ட ஒண்ணு சொல்லும். உங்க அண்ணாச்சிக்கு இருட்டுன்னா ஆகாது, அதான் இழுத்தடிக்காரு, நானும் தெரியாத மாதிரி இருக்கேன்னு."

அப்படியானால் நீ கேட்காதது அறியாமையால் அல்ல. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாய். அன்றைக்கு வேப்பமரத்தடியில் காத்திருந்தது போலவே.

வெள்ளிக்கிழமை. இனி எழுதுவது பென்சிலில். எழுத்து ஆடுவதைப் பொறுத்துக்கொள். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். அடுப்பு ஏற்றவே இல்லை, ஆயினும் போய்ப் பார்த்தேன். மூட்டையை மேலவீட்டு வாசலில் செண்பகத்தின் கையிலிருந்து வாங்கி, நம் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே நிலையத்துக்கு நடந்தேன். அவள் சாமான் ஏற்றிய வண்டியின் பக்கத்தில் நின்று, நான் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சீட்டு வாங்கப் போய், ஒன்று என்று திருத்திக்கொண்டேன்.

செங்கோட்டையில் வண்டி நெடுநேரம் நின்றது. நான் இறங்கவில்லை. மேற்கே சூலம் என்று நினைவு இருந்தது. மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தேன். விரல் நகம் ஒன்று பெயர்ந்தது. அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாய். உன் அரக்குச் சேலை, என் வேட்டி, உதிர்ந்த வெற்றிலைத் தூள், வண்டரித்த அரிசி. சேலை மடிப்புக்குள் வாழைச் சருகு. அதற்குள் வெல்லம், பாதி உருகிச் சேலையில் ஊறி, மீதி கல்லாகக் கறுத்துக் கிடந்தது. எறும்பை ஊதிவிட்டு ஒரு துண்டைக் கடித்தேன். புளிப்பும் கசப்பும் கடந்து அடியில் இனிப்பு இருந்தது. எதிரில் இருந்த அம்மாள், "என்னய்யா அது மருந்தா?" என்று கேட்டார். "ஆமா தாயீ" என்றேன்.

இப்போது வண்டி பகவதிபுரத்தில் நிற்கிறது. வேப்பமரம் இருக்கிறது, பெருத்திருக்கிறது. அதன் அடியில் யாரும் இல்லை. இங்கே இறங்கிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். இறங்கினால் வைக்கோல் வண்டி ஏதேனும் வரும். மலை எங்கே போய்விடும் என்று நானும் சொல்லிக்கொள்ளலாம். உன் சேலையை மடியில் வைத்து அதன் முந்தானை நுனியை விரலில் சுற்றிப் பிடித்திருக்கிறேன். நான் இறங்கவில்லை.

இருட்டு எனக்கு ஆகாது. பல ஆண்டுகள் கழித்து உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ எந்த நிலையத்தில் முன்னால் இறங்கி உட்கார்ந்திருக்கிறாயோ எனக்குத் தெரியாது, ஓடாமல் வருகிறேன். வெல்லத்தில் பாதியைச் சருகில் சுற்றி வைத்திருக்கிறேன். இன்று மாலை கொல்லத்தில் சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு, மூட்டையை மறுபடி கட்டுவேன். எந்த ஊருக்கு என்று முடிவு செய்யவில்லை.

பின்னால் எஞ்சின் ஊதுகிறது. குகைக்குள் எழுத வெளிச்சம் இராது. ஆகையால் வாழ்த்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆலங்குளத்துப் புது வீட்டில் செண்பகத்தின் அடுப்பு அணையாது எரிக. இம்மடல் எவர் கையில் கிடைத்தாலும் அவர் இல்லத்தில் புறப்பட்டவர் நலமே திரும்புக. காத்திருப்பவர் நெடுநாள் காத்திராது இருக்க. அஞ்சுவோர் தம் அச்சத்தைத் தம்மவரிடம் சொல்லத் துணிக. கேட்குமுன் கொடுக்கும் கை ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்க. குற்றாலத்து மழையும் உலகம்மையின் அருளும் அவர்கள் கூரைமேல் குறைவின்றிப் பெய்க.